போடி ரயில்வே ஸ்டேஷன்: மூணு தடவை வந்த ரயில், பழைய கதை தெரிஞ்சவங்க கொஞ்சம் வாங்க

போடிமெட்டுக்காரன்
எங்க தாத்தா சாகுற வரைக்கும் ஒரே விஷயத்தை திரும்பத் திரும்ப சொல்லுவாரு, "வெள்ளக்காரன் தண்டவாளத்தையே பிடுங்கிட்டு போயிட்டான்டா"ன்னு. சின்னப் புள்ளைல நாங்க இதைக் கேட்டு சிரிப்போம், தண்டவாளத்தை யாராச்சும் பிடுங்கிட்டு போவாங்களா, கெழவன் கதை விடுறாருன்னு. போன வாரம் மதுரைல இருந்து ரயில்ல ஊருக்கு வந்தேன், ஜன்னலோரம் உக்காந்து ஆண்டிப்பட்டி கணவாய்ல பாறையை ரெண்டு பக்கமும் பாத்துட்டே வரும்போது அவரு ஞாபகம் வந்துருச்சு. உண்மையிலேயே அப்படி நடந்துச்சா? யாருக்காச்சும் விவரம் தெரியுமா? இன்னொன்னு, இப்ப ஓடுற ரயிலு ஊர்க்காரங்களுக்கு எந்த அளவுக்கு உபயோகமா இருக்கு? நான் வெளியூர்லயே இருக்கேன், வருஷத்துக்கு ரெண்டு தடவை வர்றவன், அதனால எனக்கு சரியா தெரியல.

பழைய மீட்டர்கேஜ்
உங்க தாத்தா சொன்னது நூத்துக்கு நூறு உண்மை, பாவம், சிரிச்சிருக்கீங்க. மதுரை–போடி லைன் 1928-ல வந்துச்சு, அப்ப சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி, மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம். ரெண்டாம் உலகப் போர் நேரத்துல அரசாங்கத்துக்கு இரும்பு பத்தல. அவ்வளவா வருமானம் இல்லாத கிளை லைன்களை லிஸ்ட் போட்டு தண்டவாளத்தை கழட்டி எடுத்துட்டாங்க. நம்ம லைனும் அதுல போச்சு. இது போடிக்கு மட்டும் நடந்ததுன்னு நினைக்காதீங்க, கேரளால ஷொரணூர்–நிலம்பூர் லைனையும் 1941-ல இதே மாதிரிதான் எடுத்தாங்க. நம்ம பக்கம் மொரப்பூர்–தர்மபுரி–ஓசூர் நேரோ கேஜும் (மீட்டர் கேஜை விட குறுகலான தண்டவாளம்) 1941-லதான் நின்னுச்சு. சுதந்திரம் வந்தப்புறம் 1950-கள்ல போடிக்கும் நிலம்பூருக்கும் திரும்ப தண்டவாளம் போட்டாங்க. கிருஷ்ணகிரியை பாருங்க, அங்க இருந்து திருப்பத்தூருக்கு ஓடிட்டிருந்த குட்டி ரயில் போருக்கு முன்னாடியே நின்னுருச்சு, இன்னிய வரைக்கும் அந்த ஊருக்கு ரயில் திரும்ப வரல. அந்தக் கணக்குல நாம கொடுத்து வச்சவங்கதான்.

உசிலம்பட்டி மாமா
தம்பி, கழட்டுனத நான் பாக்கல, நான் பொறந்ததே அதுக்கப்புறம். ஆனா திரும்ப வந்த ரயில்ல போனவன் நான். கரி என்ஜினு. வெள்ளச் சட்டை போட்டுட்டு ஏறுனா இறங்கும்போது புள்ளி புள்ளியா இருக்கும், கண்ணுல கரித்தூள் விழுந்துரும்னு எங்க ஆத்தா முந்தானைய வச்சு என் மூஞ்சிய மூடிக்கிட்டே வருவாக. கணவாய் ஏத்தத்துல வண்டி மூச்சு வாங்கும் பாருங்க, அது இருக்கே, எறங்கி கூடவே நடந்து வரலாம் போல இருக்கும். பெருசுக சில பேரு நெசமாவே எறங்கி ஒண்ணுக்கு இருந்துட்டு ஓடி வந்து ஏறுனதா சொல்லுவாக, அத நான் நம்பல, ஆனா கேக்க நல்லா இருக்கும்.

ஏலக்கா கடை
@உசிலம்பட்டி மாமா ஹா ஹா, எல்லா மீட்டர்கேஜ் ஊர்லயும் இந்தக் கதை இருக்கு அண்ணே.

ஒரு விஷயம் நான் சொல்றேன். போடிக்கு ரயில் வந்ததே ஜனங்களுக்காக இல்ல, மலைச்சரக்குக்காக. ஏலக்கா, தேயிலை, காப்பி, இலவம் பஞ்சு இதெல்லாம் மேல இருந்து இறங்குற வாசல்தான் நம்ம ஊரு. இன்னிக்கும் ஏலக்காய்க்கு ஸ்பைசஸ் போர்டோட ஏலம் நடக்குறது ரெண்டே இடத்துல, ஒன்னு மலைக்கு அந்தப் பக்கம் புத்தடி, இன்னொன்னு போடி.

கொட்டகுடி
ஏலக்கா கடை சொன்னதுல இருந்து நான் தொடர்றேன், ஏன்னா இதுதான் யாருக்கும் தெரியாத பகுதி, எங்க ஊரு கதை.

போடிக்கு ரயில் வர்றதுக்கு 26 வருஷம் முன்னாடியே மலை மேல ரயில் ஓடுச்சு! மூணாறுல இருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் 1902-ல மோனோ ரயில் போட்டாங்க, ஒத்தை தண்டவாளம், இழுத்தது மாடு. அப்புறம் 1908-ல அதையே நேரோ கேஜ் ஆக்கி நீராவி என்ஜின் விட்டாங்க. தேயிலைப் பெட்டிய மூணாறுல ஏத்துனா டாப் ஸ்டேஷன்ல எறக்கணும், அங்க இருந்து கம்பில தொங்கவிட்டு ரோப்வேல கொட்டகுடிக்கு இறக்குவாங்க. டாப் ஸ்டேஷன்னு பேரு வந்ததே அதனாலதான், கீழ நாங்க பாட்டம் ஸ்டேஷன். நடுவுல ஒரு ஊரு இருக்கு, அதுக்குப் பேரு சென்ட்ரல் ஸ்டேஷன்! குரங்கணில இருந்து ட்ரெக்கிங் போறவங்களுக்கு தெரியும். சென்னை சென்ட்ரல்ல இருந்து ரயில் வந்துருச்சுன்னு 2023-ல எல்லாரும் குதிச்சாங்க, எங்களுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே சொந்தமா ஒரு சென்ட்ரல் ஸ்டேஷன் இருந்துச்சுய்யா, ஒரு பய மதிக்கல.

கொட்டகுடில இறங்குன சரக்கு மாட்டு வண்டில போடிக்கு வரும், ஆனா போடில அப்ப ரயில் கிடையாது. மறுபடி வண்டி கட்டி அம்மையநாயக்கனூர் போகணும், அதான் இப்ப கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன். அங்க இருந்துதான் தூத்துக்குடிக்கு ரயிலு, அப்புறம் கப்பலு.

இதுல கொடுமை என்னன்னா, 1924 ஜூலைல பெரிய வெள்ளம், மலையாளத்துக்காரங்க தொண்ணூத்தொம்பதாம் வருஷ வெள்ளம்னு சொல்லுவாங்க, கொல்லம் ஆண்டு 1099. அதுல மூணாறு ரயில் அடிச்சுட்டு போயிருச்சு, திரும்ப கட்டவே இல்ல. நாலு வருஷம் கழிச்சு 1928-ல போடிக்கு ரயில் வருது. மேல ரயில் இருந்தப்ப கீழ இல்ல, கீழ வந்தப்ப மேல இல்ல. ரெண்டும் ஒரே நேரத்துல ஒரு நாள்கூட ஓடல.

போடிமெட்டுக்காரன்
@கொட்டகுடி யோவ் இதெல்லாம் எங்கய்யா வச்சிருந்தீங்க இத்தனை நாளா. நான் டாப் ஸ்டேஷன் நாலு தடவை போயிருக்கேன், பஸ் ஸ்டேஷனா இருக்கும்னு நினைச்சுட்டு இருந்தேன் 😂

முத பஸ்ஸு
எல்லாம் சரி, பழம்பெருமை பேசியாச்சு. இப்ப நான் பேசலாமா?

நான் போடில இருந்து மதுரைக்கு வாரத்துல நாலு நாள் போறவ. ரயில் விட்டப்ப ஊரே போயி நின்னு வேடிக்கை பாத்துச்சு, நானும் போனேன், மாலை என்ன, வெடி என்ன, ஸ்வீட் என்ன. அப்புறம் வீட்டுக்கு வந்து டைம் டேபிளைப் பாத்தா சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியல. மதுரை வண்டி காலைல மதுரைல கெளம்பி போடிக்கு வருது, சாயந்தரம் போடில கெளம்பி மதுரைக்கு போகுது. காலைல மதுரைக்கு போகணும்னு நிக்கிறவ நான், அந்த நேரத்துல ரயில் எதிர்ல வருது! சாயந்தரம் வேலை முடிஞ்சு நான் போடிக்கு திரும்பும்போது ரயில் மதுரைக்கு போகுது. எங்க ரெண்டு பேருக்கும் ஜாதகம் ஒத்துவரல.

மதுரைல பெரிய ஆஸ்பத்திரிக்கு போறவங்க, கோர்ட்டுக்கு போறவங்க, காலேஜ் புள்ளைங்க, ஜவுளி எடுக்க போறவங்க எல்லாரும் காலைல போய் ராத்திரி வர்றவங்கதான். மதுரைல இருந்து போடிக்கு காலைல வந்து சாயந்தரம் திரும்புறவங்க யாரு? பாங்க்ல, ஸ்கூல்ல வேலை பாக்குறவங்க கொஞ்சம் பேரு, மூணாறு போற டூரிஸ்ட்டு கொஞ்சம் பேரு. அவங்களுக்கு வேணாம்னு சொல்லல, ஆனா 90 கிலோமீட்டர் லைனை பன்னெண்டு வருஷம் மூடிப்போட்டு, மதுரை–தேனி வரைக்கும் மட்டுமே 500 கோடிக்கு மேல செலவு பண்ணி அகலப்படுத்தினது யாருக்காக?

பழைய மீட்டர்கேஜ்
@முத பஸ்ஸு நீங்க சொல்றது நியாயம்தான், ஆனா அதுக்கு காரணம் இருக்கு. பெட்டி ராத்திரி எங்க தங்குதோ அங்க இருந்துதான் காலைல முத வண்டி கெளம்பும். மதுரைல கழுவுறது, சோதனை பண்றது, டிரைவர் கார்டு தங்குறது எல்லாத்துக்கும் வசதி இருக்கு, அதனால பெட்டி அங்க தங்குது. போடில ராத்திரி நிறுத்தணும்னா ஸ்டாஃப் தங்க ரன்னிங் ரூம், தண்ணி, பெட்டிக்கு காவல் இதெல்லாம் வேணும். முடியாதது இல்ல, கேட்டு வாங்கணும்.

பன்னெண்டு வருஷம்னு சொன்னீங்க, அந்த கணக்கையும் போட்டுருவோம், ஏன்னா நிறைய பேரு குத்துமதிப்பா சொல்றாங்க. 2010 டிசம்பர் 31-ல கடைசி மீட்டர்கேஜ் வண்டி. 2020 ஜனவரில உசிலம்பட்டி வரைக்கும் சோதனை ஓட்டம். கணவாய்ல பாறைய ஒடைச்சு அகலப்படுத்தி ஆண்டிப்பட்டி வரைக்கும் அந்த வருஷக் கடைசில. தேனிக்கு 2022 மே 26-ல பிரதமர் சென்னைல இருந்து தொடங்கி வச்சாரு, மதுரை–தேனி 75 கிலோமீட்டர். மிச்சம் 15 கிலோமீட்டர், தேனி–போடி, அதுக்கு இன்னொரு வருஷம், 2023 ஜூன் 15. ஆக பன்னெண்டரை வருஷம். போர் நேரத்துல பிடுங்கினதை திரும்பப் போட எடுத்துக்கிட்டதும் கிட்டத்தட்ட இதே அளவுதான். அப்ப சண்டை நடந்துச்சு, நாடு பிரிஞ்சுச்சு. இப்ப என்ன நடந்துச்சுன்னு எனக்கு பதில் தெரியல. வருஷா வருஷம் பட்ஜெட்ல சில்லறை மாதிரி ஒதுக்கினா எந்த லைனும் இப்படித்தான் இழுக்கும்.

உசிலம்பட்டி மாமா
அந்த கடைசி ராத்திரி நான் ஸ்டேஷன்ல இருந்தேன். ஜனம்னா ஜனம். வண்டில எடமில்லாம தொங்கிக்கிட்டு போனாக. நெதம் அந்த ரயில்ல ஏறாத பயலுக எல்லாம் அன்னிக்கி வந்து போட்டோ எடுத்தானுக. மறுநா காலைல போயி பாக்குறேன், ஒரு ஈ காக்கா இல்ல. ஒத்த ஆடு மட்டும் பிளாட்பாரத்துல படுத்துக்கெடக்கு. அதுக்கப்புறம் எத்தன வருசம் அது ஆட்டுக்கு எடமாவே இருந்துச்சு.

ஏலக்கா கடை
@பழைய மீட்டர்கேஜ் சரக்கு ரயில் போடிக்கு வந்தா ஏலக்கா வியாபாரம் பிச்சுக்கும்னு மேடைல பேசுறாங்களே, அதைப் பத்தி என்ன நினைக்கிறீங்க? நான் வியாபாரி, எனக்கு நம்பிக்கை இல்ல. ஏலக்கா எடை கம்மி, விலை ஜாஸ்தி. சல்லடைல சலிச்சு 8 எம்எம் தனியா, 7 எம்எம் தனியா பிரிச்சு, பொம்பளையாளுங்க உக்காந்து வெடிச்ச காய், நிறம் போன காய் பொறுக்கி எடுத்து மூட்டை கட்டினா, கடை வாசல்ல இருந்து லாரில ஏறி நேரா டெல்லிலயோ கான்பூர்லயோ கடை வாசல்ல இறங்கும். அதை ஸ்டேஷனுக்கு ஆட்டோல கொண்டுபோயி, பார்சல்ல பதிஞ்சு, மதுரைல மாத்தி, நடுவுல மழைல நனைஞ்சா யாரு பொறுப்பு? நனைஞ்ச ஏலக்கா ஏலக்காயே இல்ல. இலவம் பஞ்சும் மாங்காயும் வேணா ரயிலுக்கு ஒத்துவரும்.

1928-ல ரயிலை சரக்குக்காக கொண்டுவந்தாங்க, 2023-ல ஜனங்களுக்காக கொண்டுவந்திருக்காங்க, இதை ஒத்துக்கிட்டா முத பஸ்ஸு சொல்ற டைம் டேபிள்தான் முக்கியமான விஷயம்.

சென்னைல ஒரு போடிக்காரி
சென்ட்ரல் வண்டியைப் பத்தி யாரும் பேசலையே. 20601, சென்னைல திங்கள், புதன், வெள்ளி ராத்திரி பத்தரைக்கு கெளம்பி மறுநாள் காலைல ஒன்பதரை வாக்குல போடி. திரும்புறது 20602, போடில செவ்வாய், வியாழன், ஞாயிறு ராத்திரி எட்டரை வாக்குல. முன்னாடி மதுரை வரைக்கும் வந்துட்டு இருந்த வண்டி, அதை நீட்டி விட்டாங்க. விழுப்புரம் திருச்சி வழி இல்ல, காட்பாடி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல்னு சுத்தி வருது. மொதல்ல நான் தெரியாம எழும்பூர் போயி நின்னேன், தப்பு என்னோடது, டிக்கெட்ல சென்ட்ரல்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு, தென் மாவட்ட வண்டினாலே எழும்பூர்னு கால் தானா போயிருச்சு. ஆட்டோக்காரர்கிட்ட அண்ணே அண்ணேன்னு கெஞ்சி, பத்து இருபத்தஞ்சுக்கு ஓடிப்போயி ஏறுனேன்.

இதுல நாளைக் கவனிச்சீங்கன்னா ஒரு விஷயம் புரியும். வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னைல ஏறினா சனிக்கிழமை காலைல வீட்ல தோசை. ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏறினா திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்குள்ள சென்ட்ரல், நேரா ஆபீஸ். சனிக்கிழமை வந்த வண்டி அன்னிக்கே திரும்பாம ஞாயிறு ராத்திரி வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கு எங்களுக்காக. இதை யோசிச்சுப் போட்ட புண்ணியவான் யாரோ நல்லா இருக்கணும்.

முத பஸ்ஸு
@சென்னைல ஒரு போடிக்காரி அக்கா கோவிச்சுக்காதீங்க, நீங்க சொன்னதுலயே என் பதில் இருக்கு. பெட்டி ராத்திரி போடில தங்க முடியாதுன்னு மேல சொன்னாரே, சென்னை வண்டி சனிக்கிழமை ராத்திரி எங்க தங்குது? வாரம் ஒரு ராத்திரி நீள வண்டியே நிக்குதுன்னா எங்க நாலு பெட்டி நிக்காதா?

பழைய மீட்டர்கேஜ்
@முத பஸ்ஸு சும்மா நிறுத்தி வைக்குறது வேற, காலைல கெளப்புறதுக்கு ஸ்டாஃப் வச்சு தயார் பண்றது வேற... அப்படின்னு எழுத ஆரம்பிச்சேன். ஆனா ஞாயிறு ராத்திரி அதைக் கெளப்பத்தான செய்றாங்க. சரி, இந்த ரவுண்டு உங்களுக்கு.

கொட்டகுடி
இதுக்கு எல்லாரும் சேந்து மனு கொடுத்தா என்ன? குமுளி மலையடிவாரத்துல இருக்குற லோயர் கேம்ப் வரைக்கும் லைன் கேட்டு தலைமுறை தலைமுறையா மனு கொடுக்குறோம், திண்டுக்கல்ல இருந்து பெரியகுளம், தேனி, கம்பம் வழியா. சபரிமலை சீசன்ல அந்த ரோட்ல பஸ் நகராது, அந்த லைன் வந்தா கோடி புண்ணியம், ஆனா அதுக்கு நிலம் எடுக்கணும், தண்டவாளம் போடணும், நம்ம பேரன் காலத்துல வரும். இங்க தண்டவாளம் இருக்கு, ஸ்டேஷன் இருக்கு, வண்டி இருக்கு, எந்தப் பக்கம் எப்ப ஓடணும்ங்கறது மட்டும்தான் பாக்கி. பேப்பர்ல ரெண்டு வரிய மாத்தணும்.

ஏலக்கா கடை
மதுரைக்காரங்க ஒத்துக்குவாங்களா? இப்ப காலைல வர்றவங்க கத்துவாங்களே.

முத பஸ்ஸு
அவங்க வண்டிய புடுங்கச் சொல்லல. ஏற்கனவே ஒரு தடவை தண்டவாளத்தையே புடுங்கிக் குடுத்த ஊரு நாங்க, அடுத்தவங்களோடதை புடுங்க மாட்டோம். இன்னொரு ஜோடி வண்டி, காலைல ஆறு மணிக்கு இங்க இருந்து, ராத்திரி ஏழு மணிக்கு அங்க இருந்து. தேனில ஏறுற கூட்டத்துலயே ரொம்பிரும். மனுவ நான் எழுதுறேன், அண்ணன்மார் கையெழுத்துப் போடுங்க.

உசிலம்பட்டி மாமா
போடுறேன் தாயி. உசிலம்பட்டிலயும் நிக்கணும்னு எழுதிரு. மறந்துறாத.

போடிமெட்டுக்காரன்
நானும் போடுறேன். ஒரு திருத்தம், இத நேத்தே சொல்லணும்னு இருந்தேன். இங்க எழுதினதை எல்லாம் எங்க அப்பாகிட்ட போன்ல படிச்சுக் காட்டுனேன். தாத்தா அந்தத் தண்டவாளத்தை கழட்டின வேலைக்கு கூலியா போனவராம்! "வெள்ளக்காரன் பிடுங்கினான்"னு ஊரெல்லாம் சொன்னாரே தவிர, ஸ்லீப்பர்ல இருந்து ஆணிய நெம்பி எடுத்தது இவரு கைதானாம். வீட்ல யாரும் இதுவரைக்கும் எங்ககிட்ட சொன்னதே இல்ல.

உசிலம்பட்டி மாமா
அடப்பாவி மனுசா.

பழைய மீட்டர்கேஜ்
@போடிமெட்டுக்காரன் திரும்பப் போட்டப்பவும் வேலைக்கு போனாரான்னு அப்பாகிட்ட கேட்டு சொல்லுங்க.

போடிமெட்டுக்காரன்
கேட்டேன். போகலையாம். அதுக்குள்ள மலைல ஏலக்கா தோட்டத்துக்கு வேலைக்கு போயிட்டாராம்.